ஆர்க்கஷோன் சிப்பித் துறை

பிரான்சின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்க்கஷோன் விரிகுடா. டிசம்பர் மாதக் காலையில் நான் போனபோது கடல் வற்றிக் கிடந்தது. சேற்றில் வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள், அவற்றின் மேல் வலைப்பைகளில் சிப்பிகள். எதிர்க்கரையில் நூறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது பிலா மணல்மேடு. தண்ணீரில் கை வைத்தேன், விரல்கள் மரத்துவிட்டன. இந்தக் குளிரில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று சிப்பி வளர்ப்பவரிடம் கேட்டேன்.

"குளிர்தான் அதைக் காப்பாற்றுகிறது" என்றார்.

2023 டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு விருந்துக்குச் சிப்பி மலைபோல் விற்கும் வாரம். அன்றுதான் வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் காரணமாக இந்த விரிகுடாவின் சிப்பி விற்பனைக்குத் தடை விழுந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

இந்த வைரஸ் கடலில் பெருகுவதில்லை. மனிதக் குடல் கிடைக்கும்வரை காத்திருக்கிறது, அவ்வளவே. கோடையில் வெதுவெதுப்பான நீர் அதன் புரத ஓட்டைச் சிதைக்கும், நுண்ணுயிர்கள் அரிக்கும், வெயிலின் புற ஊதாக் கதிர் மிச்சத்தை முடிக்கும். குளிர்காலத்திலோ இவை எல்லாமே மந்தம். ஊரில் வாந்திபேதி பரவுவதும் அப்போதுதான். பெருமழையில் சாக்கடை நிரம்பி வழிந்து கடலில் கலப்பதும் அப்போதுதான்.

என்னை அசத்தியது சிப்பியின் குடல். மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டும் இந்த உயிரின் குடலில், நம் 'ஏ' ரத்த வகைக்குரியதைப் போன்ற சர்க்கரைக் கூறுகள் இருக்கின்றன. நோரோவைரஸ் நம் குடலில் தேடுவதும் அத்தகைய பிடிமானத்தைத்தான். தூய நீரில் போட்டால் குடல் பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். வைரஸோ அந்தப் பிடியை வாரக்கணக்கில் விடாது. மனிதனுக்கும் ஓட்டுக்குள் வாழும் இந்த உயிருக்கும் இப்படியொரு உறவா!

அப்படியானால் கோடை வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. சிப்பிகளுக்கென்றே ஒரு ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. நமக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் நீர் 16 டிகிரியைத் தாண்டினால் குஞ்சுச் சிப்பிகள் சில நாட்களில் கொத்துக் கொத்தாகச் சாகும். 2008 முதல் பிரெஞ்சுக் கரை நெடுக அந்தச் சாவு. குஞ்சுகள் ஒட்டுவதற்காகச் சுண்ணாம்பு பூசி அடுக்கிவைத்த ஓடுகளை அவர் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

கடல்நீர் மீண்டும் ஏறத் தொடங்கியது. படகோரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானியை இழுத்துப் பார்த்தார். ஒன்பது டிகிரி. மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்.