மாத்திரையும் முகமும்

மருந்துகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். எச்.ஐ.வி.யோடு இருபது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் காரைக்கால் நண்பர் ஒருவரோடு பழகிய பிறகு எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது. தையல் தொழில் செய்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று அழைப்பேன். அவர் சம்மதத்தோடு, சில அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு 8 மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு அண்ணன் இரவுப் பேருந்தேறி அங்கே போனார். காரைக்கால் சிறிய ஊர். யார் எந்த மருத்துவமனை வாசலில் நின்றார் என்பது மாலைக்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அன்று அவர் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்றின் கூட்டைக் கொடுத்தார்கள். காரணம் விலை. மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற கூட்டு மருந்தை, 2001இல் சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டுமே தந்த நமது 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டிருந்தது. பல்லாயிரம் உயிர்கள் அந்த மலிவு மாத்திரையால் பிழைத்தன. அண்ணனும் பிழைத்தார்.

ஈராண்டில் பாதங்கள் எரியத் தொடங்கின. தையல் இயந்திரத்தின் மிதியில் கால் வைக்க முடியவில்லை. கன்னங்கள் ஒட்டின; கைகால்கள் மெலிந்தன. தன் சட்டைகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார். ஸ்டாவுடின் நரம்புகளைத் தாக்கும், தோலடிக் கொழுப்பைக் கரைக்கும். "உயிரைக் காப்பாத்துன மருந்தே ஊருக்குக் காட்டிக்கொடுத்துடுச்சு தம்பி" என்றார். எங்கள் ஊர் அம்மையார் ஊனுடம்பை உதறிப் பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றவர். அண்ணனோ எதையும் வேண்டவில்லை.

2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அண்ணனுக்கு அதற்கு முன்பே ஜிடோவுடினுக்கு மாற்றியிருந்தார்கள். கால் எரிச்சல் குறைந்தது. ஆனால் இரத்தசோகை வந்து, பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிறகு டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் சேர்ந்த ஒரே மாத்திரை. இரவில் ஒன்று போதும். ஆனால் எஃபாவிரென்ஸ் தரும் கனவுகள் நனவைவிடத் துல்லியமானவை. வாடிக்கையாளர் துணியெல்லாம் அளவு தவறி வெட்டப்பட்டுக் கிடக்கும் கனவில் வியர்த்து எழுவார். இப்போது எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெக்ராவிர். 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இதை எதிர்த்துத் தப்புவது வைரஸுக்கு எளிதல்ல. கனவுகள் போயின, எடை கூடியது. சட்டைகளைப் பிரித்து விட்டிருக்கிறார்.

சி.டி.4 எண்ணிக்கையும் வைரஸ் அளவும் மருத்துவருக்குத் தெரியும். மிதியில் வைத்த கால் எரிவதை அண்ணன் சொன்னால்தான் தெரியும். "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலை ஓரிடத்தில் கேட்டபோதும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. மாத்திரையையும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. வேதனையை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் கைவிட்ட இருவரை அவர் அறிவார். இருவரும் இன்று இல்லை. எது சிறந்த மருந்து என்று கேட்டால் அவர் சொல்வது இதுதான்: நாளைக்கும் தவறாமல் விழுங்க முடிகிற மருந்து.

அவர் இரத்தத்தில் வைரஸ் இப்போது கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழி அது பிறருக்குத் தொற்றாது. பாகுபாட்டைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மாத்திரைக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்த பிறகே அவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோகிறார்.