எலி ஊதும் பானை

பூந்தமல்லிக்கு மேற்கே நெல் சாகுபடி செய்யும் அந்த விவசாயியின் மாட்டுக்கொட்டகைப் பரணில் கரி படிந்த மண்பானை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் சிறு துளை. ‘ஓட்டைப் பானையை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பவர்களிடம், ‘வேண்டுமென்றே போட்ட ஓட்டை அது’ என்பார்.

முன்பெல்லாம் அறுவடையை ஒட்டி இருளர் குடும்பங்கள் அவர் வயலுக்கு வரும். வளை வாசலில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற பொந்துகளைச் சேற்றால் அடைப்பார்கள். பானையில் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, அடித்துளை வழியாக ஊதுவார்கள். புகையில் எலி மயங்கியதும் தோண்டி எடுப்பார்கள். எலி சேர்த்துவைத்த நெற்கதிரும் அவர்களுக்கே. விஷம் வைக்காததால் ஆந்தைக்கும் நாய்க்கும் ஆபத்தில்லை.

தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதாக எட்கர் தர்ஸ்டன் 1909-ல் எழுதினார். அரண்மனை வளரியைப் பாதுகாக்க ஆள் இருந்தது. இந்தப் பானையோ உடைந்தால் குப்பைக்குப் போகும். அடுத்த சட்டியில் துளை போட்டுக்கொள்வார்கள். இதுவும் நம் மண்ணின் வேட்டைக் கைவினைதான்.

ஆனாலும் அதை அவர் கூடத்தில் அலங்காரமாக வைப்பதில்லை. பானையில் படிந்த கரி, ஊதியவர்களின் நெஞ்சிலும் படிந்தது. உதடும் கையும் சுட்டுக்கொண்டு, இருமி இருமி அவர்கள் காப்பாற்றிய நெல்லைத்தான் அவர் குடும்பம் மூட்டை கட்டியது. வாயால் ஊதாமல் கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவியை இருளர்களுக்காகச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று கொண்டுவந்தது. அந்தத் திட்டத்துக்கு 2003-ல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. ‘பானை பரணில் இருக்கட்டும், மனிதன் மூச்சு விடட்டும்’ என்பது அவர் கட்சி.

அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. பிறகு ஆவடி, பூந்தமல்லி வரை வயல்கள் மனைகளாயின. வயல் போனால் வளையைப் படிக்கும் கண்ணுக்கும் வேலையில்லை. பானையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம், அந்தக் கண்ணை வைக்க முடியாது. எலித் தொல்லை உள்ள விவசாயிகள் விஷப் பொட்டலம் வாங்கும் முன் பக்கத்து இருளர் குடியிருப்பில் விசாரிக்கலாம். கூலியை முதலிலேயே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். அவர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்.