அளவோடு கீரை

"கீரையால் கெடுதல் வருமா?" என்று யாராவது கேட்டிருந்தால் முன்பு நான் சிரித்திருப்பேன்.

2023-ல் சென்னையில் என் அம்மாவுக்கு இருதய சத்திரசிகிச்சை. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் பழுதான மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு, உலோக வால்வு பொருத்தினார்கள். யாழ்ப்பாணம் திரும்பியதும் கவனிப்பு முழுக்க என் பொறுப்பு.

இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். தண்ணீர் வாளியைத் தூக்க விடவில்லை. தெம்பு வரட்டும் என்று தினமும் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி!

இரண்டாம் கிழமை ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே இருக்கவேண்டிய எண், 1.6-க்கு இறங்கியிருந்தது.

"அம்மா இப்ப புதுசா என்ன சாப்பிடுறா?" என்று டொக்டர் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் குளிசையின் வேலையைக் கீரையிலுள்ள விற்றமின் கே குறைத்துவிடுமாம். வால்வில் இரத்தம் கட்டினால் பாரிசவாதம்கூட வரலாமாம். சென்னையில் தந்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது. நான்தான் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"அப்ப கீரையே வேண்டாமோ, டொக்டர்?"

"குடுங்கோ. ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாக இருக்கட்டும்." குளிசையின் அளவையும் அவரே மாற்றி எழுதினார்.

அன்றிரவு அம்மாவின் பக்கத்தில் இருந்து அழுதேன். "அன்பில தந்ததுதானே, பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, கடல் தாண்டி வைத்தியம் செய்து வருபவர்களின் தாள்களை முதல் நாளே உள்ளூர் டொக்டரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் தாள் இப்போது குசினிச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.