கோப்பில் கிடந்த அறிக்கைகள்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பள்ளி வெளியே அனுப்பினால், நீக்கியதற்கான உத்தரவு என்று ஒரு தாள் நம் கையில் சிக்குவது அபூர்வம். ‘சொந்தக் காரணங்களுக்காக டி.சி. கேட்கிறோம்’ என்று பெற்றோரிடமே எழுதி வாங்கிவிடுவார்கள். எழுதிக் கொடுத்த பிறகு எதை எதிர்த்து வழக்குப் போடுவது? சென்னைத் தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பையனின் அம்மா, கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, வழக்கறிஞரான என்னிடம் வந்தார். பாதி வழக்கை அவரே ஜெயித்துக் கொடுத்துவிட்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் முன் மனுப் போட்டோம். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தருவதை அரசு உறுதிப்படுத்தப் பாடுபட வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு.

பள்ளியின் பதில்: “சிறப்பு ஆசிரியர் இருக்கிறார். பையன்தான் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான்.” கூடவே புகார்க் கடிதங்கள்.

அந்தப் புகார்களை வரிசையாக வைத்துப் படித்தேன். அனேகமாக எல்லாமே மணி அடித்து வகுப்பு கலைகிற நேரத்தில் நடந்தவை. திடீர்ச் சத்தம் இவனுக்கு ஆகாது, மணிக்கு முன்பே வெளியே அழைத்துப் போங்கள் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். முடியாதபோது பட அட்டையைக் காட்டி ஓய்வு கேட்கப் பழக்கியிருந்தார் பேச்சுப் பயிற்சியாளர். ஆனால் வகுப்பில் அந்த அட்டைகள், விளையாட்டுச் சாமான் என்று பைக்குள்ளேயே கிடந்தன.

விசாரணைக்கு வந்த வகுப்பு ஆசிரியையிடம் இந்த இருவரின் அறிக்கைகளையும் நீட்டி, “இதைப் பார்த்திருக்கிறீர்களா அம்மா?” என்றேன்.

“இல்லீங்க சார். இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

அவர்மேல் குற்றமில்லை. அறிக்கைகள் அலுவலகத்தில், சேர்க்கைக் கோப்பில் இருந்தன. அவனுக்காக நாலு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது.

இந்த நிலையில் ‘திரும்பச் சேர்த்துக்கொள்’ என்று மட்டும் உத்தரவு வாங்கினால், அடுத்த மாதமே இன்னொரு புகார் வரும். சிறப்பு ஆசிரியர் பணியிடங்கள் வேண்டும் என்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இங்கே ஆள் இருந்தார், கூட்டு வேலைதான் இல்லை. அதனால் அதையே கேட்டேன். “தெரபிஸ்டுகள் எங்கள் ஊழியர்கள் அல்லவே” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். வீடியோ அழைப்பில் வந்தால் போதும் என்று பேசி முடித்து, கூட்டு மெமோ தாக்கல் செய்தோம். அவனுக்கென்று ஒரே கல்வித் திட்டம். மாதம் ஒருமுறை பெற்றோரும் எல்லா ஆசிரியர்களும் தெரபிஸ்டுகளும் கலந்து பேசுவது. வகுப்பிலும் வீட்டிலும் தெரபியிலும் ஒரே அட்டைகள். அடித்தான் என்று எழுதினால் அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் எழுதுவது. விளையாட்டு ஆசிரியரையும் வேன் ஆயாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தோம்.

புகார்கள் அடியோடு நிற்கவில்லை; குறைந்தன. ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தெரபி அறிக்கையைப் பள்ளியில் வெறுமனே கொடுத்துவிட்டு வராதீர்கள். ‘வகுப்பு ஆசிரியருக்கு நகல் தரவும்’ என்று கடிதம் வைத்துக் கொடுங்கள். தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். டி.சி. கடிதத்தை மட்டும் வக்கீலைக் கேட்காமல் எழுதாதீர்கள்.