வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு கடற்கரை யாத்திரை

முற்காலத்தில் நம்மவர் யாத்திரை புறப்பட்டால் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையும் கூஜாவுமாகக் கிளம்புவார்கள். இரவில் சத்திரம், சத்திரம் இல்லாவிட்டால் ஆலமரத்தடி. வண்டியே வீடு, வீடே வண்டி. மேனாட்டார் ‘காரவன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய இதுவேதான். மாடு இருந்த இடத்தில் மோட்டார் கார். கூண்டு இருந்த இடத்தில் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அமைந்த இழுவை வீடு. வித்தியாசம் இவ்வளவுதான் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். எண்ணம் எப்படித் திருந்தியது என்பதே இந்தக் கட்டுரை.

நாங்கள் வசிப்பது வடக்குத்து. நெய்வேலி நகரியத்தின் வாசற்படி என்று எங்கள் ஊரைச் சொல்லலாம். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் பண்ணுருட்டிப் பலா, சுற்றிலும் முந்திரித் தோப்பு, பூமிக்கடியில் கரி. இவ்வளவும் இருந்தும், அதிக தூரமில்லாத கடலை நாங்கள் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு முறைகூட இல்லை.

எங்கள் தாயாருக்கு வயது 78. பிறந்தது வேதாரண்யத்தருகே ஒரு கிராமம். உப்பள வரப்பில் ஓடி விளையாடியவர். “ஒரு தடவை அந்த உப்புக் காற்றைக் குடிச்சுட்டு வந்தால் போதும்” என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. ஆனால் முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியாது; குந்தி உட்கார முடியாது. முன்பு ஒரு முறை அழைத்துப் போனபோது விடுதியில் மாடி அறைதான் கிடைத்தது. அன்றிரவு முழுவதும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, “குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே!” என்றார். மறுநாளே திரும்பி விட்டோம்.

இந்த நிலைமையில், சென்னையிலுள்ள எங்கள் மைத்துனர், தாம் வாங்கிய 18 அடி நீள இழுவை வீட்டைச் சில நாட்களுக்கு இரவல் தருவதாகச் சொன்னார். குழந்தைகள் குதித்தார்கள். நாங்களும் உள்ளூரக் குதித்தோம் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

வண்டி வந்த மறுநாளே வெள்ளோட்டம். அரிசி மூட்டை, பாத்திரப் பெட்டி, தண்ணீர்க் கேன்கள் எல்லாவற்றையும் கதவுக்கருகில், பின்பக்கமாக அடுக்கிக்கொண்டு பண்ணுருட்டிச் சாலையில் புறப்பட்டோம். எதிரே ஒரு லாரி வேகமாகக் கடந்தது. அவ்வளவுதான், பின்னாலிருந்த வீடு பாம்பு நெளிவதைப்போல் இடமும் வலமும் நெளிய ஆரம்பித்தது. காரின் பின்பாகத்தையும் சேர்த்து ஆட்டிற்று. தெய்வாதீனமாக வேகம் குறைவு. ஒருவாறு ஓரத்தில் நின்றோம். நல்ல வேளை, தாயார் அன்று வீட்டில் இருந்தார்.

சாலையோரத்தில் டயர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார், சிரித்தார். “வாத்தியாரே, பாரத்தையெல்லாம் வாலில் வைத்தால் தலை எப்படி நிற்கும்?” என்றார். பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். அவர் சொல்லித்தான் புத்தியில் உறைத்தது. இழுவை வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அது பின்னால் இருந்தால் கொக்கி மேலே தூக்கும், வால் ஆடும். ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சண்டை போடுவதும் விபரீதம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு, தானே அடங்கவிட வேண்டும். கோபக்காரரை அடக்கும் முறையும் இதுதானே!

பின்னோக்கிச் செலுத்துவது வேறொரு வித்தை. ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பினால் வீடு வலப்புறம் போகும். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதைப் பயின்றோம். மாணவர்கள் சுவரேறிப் பார்த்து மகிழ்ந்தார்கள். வாத்தியார் தப்புச் செய்வதை இலவசமாகப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிட்டுமா?

அதன் பிறகே யாத்திரைத் திட்டத்தில் கை வைத்தோம். பாதையைத் தேசப்படத்தில் பார்ப்பது போதாது என்று தோன்றியது. ஆகவே வீட்டை வீட்டில் விட்டு, ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகப் பஸ் ஏறினோம்.

வடலூரில் முதற்குறிப்பு: தைப்பூசத்தன்று இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஜோதி தரிசனக் கூட்டத்தில் மனிதர் நுழைவதே அரிது. 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதை வணங்கிவிட்டுக் குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் சேர்ந்து தெற்கே திரும்பினோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் இக்கரைக்கு ஆகாத மாதங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் ஜில்லாவின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைப் பாழாக்கிற்று. தை பிறந்தால்தான் வழி பிறக்கும் என்பது இழுவை வீட்டுக்கும் பொருந்தும்.

சிதம்பரத்தில் தேர் வீதிகளைப் பார்த்து நின்றபோது ஓர் உண்மை விளங்கியது. தேர் நேரே ஓடும். மூலையில்தான் முட்டுக்கட்டைக்காரர்களின் சாமர்த்தியம். எங்கள் வண்டியும் அப்படியே. திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உட்புறமாகக் குறுக்கே வெட்டும். முட்டுக்கட்டைக்கு ஆளில்லாத எங்களுக்கு ஊருக்குள் வேலையில்லை.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஊர்க்கோட்டை வாசலைப் பார்த்தோம். குதிரை வண்டிக் காலத்து வாசலில் எங்கள் வண்டியோடு நுழைவதில்லை என்று முடிவு செய்தோம். நாடாவுக்கு வேலையே இல்லை. காரைக்கால், நாகப்பட்டினம் கடந்து வேதாரண்யம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் வந்தார்கள். 30-ந் தேதி உப்பு எடுத்தார்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று சர்க்கார் மிரட்டியபோது, ஜனங்கள் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்களாம். கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பின்னால் வராமலே அந்த யாத்திரை நிறைவேறியது. நாடாவும் கையுமாக அங்கே நின்ற எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

உப்பளத்துக்குப் போகும் மண்பாதை எட்டடி அகலம், திரும்ப இடமில்லை. மணலில் இறங்கினால் சக்கரம் புதையும். பெரிய வீடு அங்கே வராது. ஆகவே திட்டம் இப்படி முடிந்தது: பகலில் மட்டும் பிரயாணம், இரண்டு நாளில் நிதானமாகப் போய், தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் வீட்டை நிறுத்துவது, அங்கிருந்து காரில் மட்டும் உப்பளம். இழுவையில் ஓடும்போது வீட்டுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. தாயார் காரின் முன்னிருக்கையில்தான். இழுவை வண்டிக்குரிய பதிவு, உரிமம் இவற்றைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்ப்பது. திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்புக் காற்று இரும்புக்குச் சத்துரு.

இவ்வளவையும் தாயாரிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டவர், “அப்போ, உப்பளத்துக்கு உன் வீடு வராது?” என்றார்.

“வராது, அம்மா. கார் நிற்கும் இடத்திலிருந்து முப்பது அடி நடக்க வேண்டியிருக்கும். மடக்கு நாற்காலி கொண்டு வருகிறோம்.”

“முப்பதடிதானே! அதை என் காலிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம் இல்லையா? அது போதும், தம்பி.”

தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள் புறப்பாடு. சாமான் பட்டியலில் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. தாயார் தம் கையால் கழுவித் துடைத்து வைத்திருக்கும் ஒரு சிறிய பித்தளைச் சம்புடம். ஒரு பிடி உப்புக்கு. அதை மட்டும் அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டியதில்லை, மடியிலேயே வைத்துக்கொள்வாராம்.