கதவு ரப்பருக்குப் பின்னால்

பழைய கார் பார்க்கும் வேலை காலையில்தான் நடக்க வேண்டும். இன்ஜின் இரவு முழுக்க ஓடாமல் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால், குளிரில் மட்டும் கேட்கும் டைமிங் செயின் சத்தமும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் சைலன்சரிலிருந்து வரும் நீலப் புகையும் தெரியாமல் போய்விடும். அதனால் நான் கூடப் போன மெக்கானிக் எந்த வீட்டிலும் முதலில் சாவி கேட்பதில்லை. பானெட் மேல் உள்ளங்கையை வைக்கிறார். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலைல வரோம் சார், ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

மேற்குத் தாம்பரத்தில் டிங்கர் வேலை கற்று, பட்டறை வைத்து, இப்போது வண்டி வாங்குபவர்களுக்காகப் பார்த்துச் சொல்லும் வேலையை அதிகம் செய்கிறார். அக்கா மகன் மறைமலை நகரில் வேலைக்குச் சேர்ந்து கார் தேடியபோது நான்தான் அவரிடம் அழைத்துப் போனேன். பார்த்த வண்டிகளை எல்லாம் விட, பார்த்த விதம் எனக்குள் தங்கிவிட்டது.

அவர் கதவைத் திறந்ததும் சட்டத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைப் பிடித்து மெல்ல உரிப்பார். உள்ளே தகடும் தகடும் சேரும் விளிம்பில், கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக ஓடும். விபத்தில் நசுங்கி, வெட்டி ஒட்டப்பட்ட வண்டியில் அந்த வரிசை ஓரிடத்தில் அறுந்துபோகும். புள்ளிகளுக்குப் பதில் தேய்த்து மழுப்பிய மேடு இருக்கும். அப்படி ஒரு வண்டியில் விரல் நுனியால் அந்த இடத்தை அவர் மறுபடி மறுபடி தடவினார். "நல்ல கை சார் இது. பட்டி போட்டதே தெரியாம தேய்ச்சிருக்கான்." பாராட்டும்போதே அந்த வண்டியை வேண்டாம் என்றார். ஒட்டத் தெரிந்தவருக்குத்தான் ஒட்டினது தெரியும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

பம்பர் பெயிண்ட், கதவில் கோடு, பின்பக்கச் சிறு நசுங்கல் இவற்றை அவர் பொருட்படுத்துவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிய வண்டியில் கீறல் இல்லாவிட்டால்தான் சந்தேகப்படுகிறார். அவர் தேடுவது முன்பக்க ஏப்ரன், நடுப் பில்லர், தரைத் தகடு. கண்ணாடிகளின் ஓரத்தில் இருக்கும் குறியீட்டில் ஆண்டைப் படிக்கிறார். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் இன்னொரு முறை போகிறார். ஃபெண்டர் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் எந்த ஊரிலும் செய்யும் வேலை. தாம்பரம் பக்கத்துக்கென்றே இருப்பது தண்ணீர்ச் சோதனை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் குடியிருப்பின் முன்னால் நின்ற கார்களை வெள்ளம் இழுத்துப்போனதைத் தமிழ்நாடே பார்த்தது. அப்படி மூழ்கிய வண்டிகளில் பலவற்றுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு இழப்பீடு கொடுத்து ஏலத்தில் தள்ளின. ஏலத்தில் போன வண்டி எல்லாமே உடைத்து விற்கப்படுவதில்லை. சில துடைத்து, காயவைத்து, மறுபடி சாலைக்கு வருகின்றன. ஆர்.சி.யில் இருக்கும் முகவரி மேட்டுத் தெருவாக இருக்கலாம். வெள்ளம் வந்த அன்று வண்டி எங்கே நின்றது என்பதை ஆர்.சி. சொல்லாது.

வண்டி சொல்லும். ஒரு வண்டியில் மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்தார். "வாட்டர் வாஷ் பண்றவங்ககூட இவ்வளவு தூரம் இழுக்க மாட்டாங்க." உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு. ஸ்டெப்னியைத் தூக்கிய குழியின் மூலையில் மைபோல் படிந்த வண்டல். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, வயரிங் கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்தார். பித்தளை முனையில் பச்சை பூத்திருந்தது. அந்த வண்டி பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. விற்க வந்தவர் அதன் மூன்றாவது ஓனர், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மெக்கானிக் அவரிடம் எதுவும் வாதாடவில்லை.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில்தான் விளக்கினார். தண்ணீர் சீட்டுக்குக் கீழே நின்று, யாரும் ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு இழுத்து வந்த வண்டியைக் காப்பாற்றலாம். நின்ற தண்ணீரிலேயே சாவியைத் திருப்பிவிட்டால், சிலிண்டருக்குள் ஏறிய நீர் காற்றுபோல் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015-இல் அப்படிப் போன இன்ஜின்கள் ஏராளம். பாலிசியோடு இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுக்காதவர்கள் கைக்காசைப் போட்டார்கள். டேஷ்போர்டு வரை நனைந்தது மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம் என்றார். இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொரு சென்சாராகப் பழுதாகும்.

பணக் கணக்கிலும் அவருக்கு உறுதியான கருத்து உண்டு. மருமகன் கையில் நான்கு லட்சம் இருந்தது. "அப்போ மூணு முப்பதுக்கு மேல வண்டி பார்க்காதீங்க தம்பி" என்றார். மிச்சம் எழுபதாயிரம் வண்டியின் விலையிலேயே சேர்ந்தது என்பது அவர் கணக்கு. டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், பெல்ட் உள்ள இன்ஜினானால் டைமிங் பெல்ட், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். என் கண்ணெதிரே எத்தனையோ குடும்பங்கள் கடைசி ரூபாய் வரை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, முதல் சர்வீஸுக்கு நகையை எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே போதும் என்று நான் நம்புகிறேன். இன்னொன்றும் சொன்னார்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, செஸ்ஸும் போனது. புது வண்டி விலை இறங்கியபின் பழைய வண்டிக்கு முந்தைய விலையைச் சொல்பவரிடம் பேரம் பேசத் தயங்க வேண்டாம். பாண்டிச்சேரிப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். இங்கே மாற்ற என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேர்ந்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

கடைசியில் அமைந்தது சேலையூரில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் 2017 பெட்ரோல் வண்டி. ஒரே ஓனர், பக்கவாட்டில் நீளமான கீறல், பீடிங்குக்குப் பின்னால் எல்லாப் புள்ளிகளும் வரிசையாக. டீச்சர் இன்சூரன்ஸ் காகிதங்களை ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 என்று ஏறியிருந்தது. இடையில் கிளைம் எழுந்திருந்தால் அந்த ஏற்றம் அறுந்திருக்கும். போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. எனவே மருமகன் கட்டும் பிரீமியம் டீச்சர் கட்டியதைவிடக் கூடும். எழுபதாயிரத்தில் அதற்கும் இடம் இருந்தது.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "பேர் மாத்தாம சாவி தர மாட்டேன் தம்பி." அது முற்றிலும் நியாயம். பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாற்றாத ஒரு கார் விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் இருக்கும் ஓனரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரோக்கரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களைத்தான் இது பிடிக்கும். படிவம் 29, 30 இரண்டையும் அவர்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தே நிரப்பினோம். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள் அவகாசம்தான் என்று மெக்கானிக் நினைவூட்டினார்.

மிச்சப் பணத்தில் முதல் செலவு டயர். பட்டன் இன்னும் நன்றாகவே இருந்ததால் மருமகன் தயங்கினான். அவர் பக்கச்சுவரில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2317. 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்த ரப்பர். நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டு, தன் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டி பார்க்கக் கூடுவாஞ்சேரிக்குப் போனார்.