கன்னடியனைக் காணோம்

எங்கள் அத்தானுக்கு எண்பது தாண்டிவிட்டது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தாமிரபரணிக் கால்வாய்க் கரைகளில் நடந்தவர். எந்த மடை எந்த ஊர் வயலுக்குப் பாயும், 1992 வெள்ளத்தில் எங்கெங்கே கரை போனது என்றெல்லாம் பதினோரு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். கண் பார்வை மங்கிக்கொண்டே வருவதால், முழுதாகப் போவதற்குள் அதைப் புத்தகமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த நாளில் கேள்வித்தாள் தயாரிக்க நான் ‘லேடெக்’ பழகியிருந்தேன். அதனால் அச்சுக்கோக்கும் வேலை என்னிடம் வந்தது.

அத்தான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “மாப்ளே, கடைசியில ஊர்ப்பேரு எல்லாம் வரிசையாப் போட்டுரணும், கேட்டியா? அவனவன் தன் ஊரைத்தான் முதல்ல தேடுவான்.”

பெயரடைவு போடுவதற்கு லேடெக்கில் நல்ல வசதி உண்டு. வேண்டிய ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிட்டால், முதல் ஓட்டத்தில் அந்தப் பெயர்களும் பக்க எண்களும் தனிக் கோப்பில் சேர்ந்துவிடும். பிறகு ‘மேக்இண்டெக்ஸ்’ என்ற நிரல் அவற்றை வரிசைப்படுத்தும். இரண்டாம் ஓட்டத்தில் அந்தப் பட்டியல் புத்தகத்தின் பின்னால் போய் உட்காரும். நான் எழுதுவது ‘டெக்ஸ்டூடியோ’ என்ற எடிட்டரில். மூன்று வேலையையும் ஒரே பொத்தானில் செய்துகொள்ளலாம்.

முதல் பிரதியைப் பெரிய எழுத்தில் எடுத்துக் கொடுத்தேன். லென்ஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிப் பார்த்தவர், “கன்னடியனைக் காணோமே மாப்ளே?” என்றார்.

கன்னடியன் கால்வாய் இல்லாமல் ஒரு தாமிரபரணிப் புத்தகமா! பெயர் பட்டியலில் இருக்கத்தான் செய்தது. ஆனால் கருப்பந்துறைக்கு முன்னால் இருந்தது. அத்தான் தேடியது களக்காட்டுக்குப் பின்னால். அவர் தேடிய இடம்தான் சரி. நம் நெடுங்கணக்கு ழ, ள, ற, ன என்றல்லவா முடிகிறது? முகத்துவாரமும் அப்படித்தான், முக்கூடலுக்கு முன்னால் வந்திருந்தது. அகராதி முறைப்படி புள்ளி வைத்த எழுத்து முதலில் வர வேண்டும். முக்கூடல்தான் முந்த வேண்டும். ‘ஜமீன்’ என்ற தலைப்பு ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் புகுந்திருந்தது.

காரணம் கணினி எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள். யூனிகோடு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ‘இஸ்கி’ முறையை ஒட்டித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அந்த அடுக்கு தேவநாகரியை ஒட்டியது. அதில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் வைத்துவிட்டார்கள். மேக்இண்டெக்ஸ் 1980களில் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தது. அது எண்ணைப் பார்த்து அடுக்குமே தவிர, அரிச்சுவடி அதற்குத் தெரியாது.

அகரவரிசை நமக்குச் சின்ன விஷயம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த வையாபுரிப் பிள்ளை நம் நெல்லைச் சீமைக்காரர். திருநெல்வேலியில் வக்கீலாக இருந்தவர். கணினி இல்லாத காலத்தில் அத்தனை சொல்லையும் முறை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். அவர் ஊர்க்காரர்கள் ஒரு சிறு புத்தகத்தில் ன-வை நடுவில் விடலாமா?

வழி இருந்தது. மேக்இண்டெக்ஸில் ‘அட்’ குறிக்கு இடப்புறம் எழுதுவதை வைத்து அது வரிசைப்படுத்தும். வலப்புறம் இருப்பதை அச்சிடும். ஆகவே ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் இடப்புறம் ஒரு மறைவான சாவி கொடுத்தால் போதும். நெடுங்கணக்கு முறைப்படி ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துகளால் ஒரு குறி வைத்தேன். மெய் முன்னால், உயிர்மெய் பின்னால், கிரந்தம் கடைசியில். இலக்கங்களால் சாவி செய்யக் கூடாது. முழுக்க இலக்கமாக இருந்தால் அந்த நிரல் அதை ஒரு தொகையாக எடுத்துக்கொண்டு சிறிது பெரிது பார்க்கும். இந்தச் சாவி போடும் வேலையைப் பைத்தானில் நாற்பது வரி செய்கிறது.

மிச்சம் எடிட்டரில்தான். டெக்ஸ்டூடியோவின் அமைப்புப் பகுதியில் ‘பில்டு’ என்ற பக்கத்தில் நாமே ஒரு கட்டளை சேர்க்கலாம். அச்சுக்கோப்பு, சாவி போடும் நிரல், மேக்இண்டெக்ஸ், மறுபடி அச்சுக்கோப்பு என்று நான்கையும் நடுவில் நெட்டைக்கோடு போட்டு எழுதினேன். கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறி போட்டால் போதும். இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் கன்னடியன் களக்காட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

ஸ்ரீவைகுண்டம் மட்டும் பாக்கி இருந்தது. முறைப்படி அது ஸ-வில் கடைசியில் போகும். ஆனால் நம் ஆட்கள் ‘தி’-யிலும் தேடுவார்கள். அதனால் ‘திருவைகுண்டம் – பார்க்க: ஸ்ரீவைகுண்டம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அதை அத்தான்தான் சொன்னார்.

புத்தகம் இப்போது அச்சகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கணக்குப் பிள்ளையோ வாத்தியாரோ எழுதி வைத்த நோட்டு கிடந்தால், கரையான் பிடிக்குமுன் எடுத்துத் தட்டச்சு செய்யுங்கள். பெயரடைவு போட வேண்டும் என்றால் கேளுங்கள், அந்த நாற்பது வரியையும் பில்டு கட்டளையையும் அனுப்பி வைக்கிறேன்.